"ரெண்டு நாள்ல சொல்றோம் மேடம்"

மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, சம்பளம் வரைக்கும் பேசிவிட்டு, "ரெண்டு நாள்ல சொல்றோம் மேடம்" என்று ஒரு நிறுவனம் என்னிடம் சொன்னது 2023 ஜூலையில். இன்று வரை சொல்லவில்லை.

அப்போது எனக்கு வேலை போய் நாலு மாதம். 14 வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள். நௌக்ரி, லிங்க்ட்இன், தெரிந்தவர்கள் கொடுத்த மெயில் ஐடி என்று விண்ணப்பித்த இடங்களையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 86. அதில் "உங்களைத் தேர்வு செய்யவில்லை" என்று எழுதியவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அந்த ஜூலை முழுக்க போன் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தபடி இருக்கும். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல். தெரியாத எண் என்றால் அடுப்பை அணைத்து, தொண்டையைச் சரி செய்துகொண்டு எடுப்பேன். பெர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். அம்மா தினமும் சாயங்காலம், "ஏண்டி, அந்த கிண்டி கம்பெனியில ஏதாவது சொன்னாங்களா?" என்பாள். ஒரு நாள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த நாட்களைவிட அதுதான் தாங்க முடியவில்லை.

பதில் வராதபோது காரணத்தை நாமே தேட ஆரம்பிக்கிறோம். வயசு காரணமா? ஜிஎஸ்டி கேள்விக்குக் கொஞ்சம் தடுமாறினேனே, அதுவா? சம்பளம் அதிகமாகக் கேட்டுவிட்டேனோ? என் தம்பி குரூப் 4 எழுதித் தேறவில்லை. அழுதான். ஆனால் அவனுக்கு மதிப்பெண் தெரியும், தரவரிசை தெரியும், அடுத்த முறை எவ்வளவு ஏற வேண்டும் என்று தெரியும். எனக்கு அதுகூட இல்லை.

என்னை மீட்டது ஹெச்ஆரில் இருக்கும் ஒரு தோழி. உள்ளே நடப்பதை அவள்தான் விளக்கினாள். முதலில் தேர்வானவருக்கு ஆஃபர் லெட்டர் போய்விடும். அவர் பழைய வேலையில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் அங்கே வேலை பார்க்க வேண்டிய நாட்களை, முடித்துவிட்டு வர வேண்டும். பல நிறுவனங்களில் அது 90 நாள். அதற்குள் இன்னும் இரண்டு ஆஃபர் வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் வராமல் போகிறவர்கள் நிறைய. அந்தப் பயத்தில் இரண்டாவது ஆளிடம் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் அப்படியே வைத்திருப்பார்கள். சில இடங்களில் பட்ஜெட் நின்றுபோகும், அல்லது உள்ளே இருப்பவரையே அந்த இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். விளம்பரத்தை மட்டும் யாரும் எடுக்க மாட்டார்கள், நாமும் விண்ணப்பித்துக்கொண்டே இருப்போம்.

அன்றைக்கு ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன். எவனோ ஒருவனுடைய நோட்டீஸ் பீரியடை, என் 14 வருட உழைப்புக்கு வந்த தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் டைரியில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எதிரே ஒரு கெடு எழுதினேன். நேர்காணல் முடிந்து பத்து நாள் கழித்து நாலு வரியில் ஒரு மெயில். அதற்கு மேல் ஒரு வாரம். பதில் இல்லையா, சிவப்புப் பேனாவால் நானே கோடு போட்டுவிடுவேன். பிறகு கூப்பிட்டால் சந்தோஷம், ஆனால் நான் காத்திருக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனைப் பார்ப்பதில்லை. இன்னொன்று, கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்தாதீர்கள். நான் அப்படி மூன்று வாரத்தை இழந்தேன்.

ஆனால் தாங்கிக்கொள்வது வேலை தேடுகிறவரின் பொறுப்பு மட்டும்தானா? முந்நூறு பேருக்குப் பதில் எழுத நேரமில்லை என்கிறார்கள். சரி. லீவு போட்டு, ஆட்டோவுக்குக் கொடுத்து, நேரில் வந்து உட்கார்ந்த ஐந்து பேருக்குமா நேரமில்லை? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், விளம்பரம் கொடுத்த வேலைக்கு நேர்காணல் செய்தால், முடிவெடுத்தாயிற்றா இல்லையா என்பதை 45 நாளுக்குள் அந்த நபருக்குத் தெரிவித்தாக வேண்டும். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்காருகிறேன். போன மாதம் ஆறு பேர் வந்தார்கள், ஒருவரைத்தான் எடுக்க முடிந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அன்று சாயங்காலமே நானே எழுதினேன். மொத்தம் பத்து நிமிஷம் ஆனது. அதில் ஒரு பையன் உடனே பதில் போட்டான்: "சொன்னதுக்கு நன்றி மேடம். அடுத்த மாச ஹாஸ்டல் வாடகையைக் கட்டுறதா, ஊருக்குக் கிளம்புறதான்னு தெரியாம இருந்தேன்."