முதலில் உங்கள் வரியைத் திருத்துங்கள்

அடுத்தவன் எழுதியதில் பிழை பிடிக்கக் கிளம்புகிற ஆட்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிழை பிடிப்பது குற்றமில்லை. பிடிக்கிற வரியிலேயே அதைவிட மோசமான பிழையை விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊர் வாசிகசாலைச் சுவரில் போன மாதம் ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. விபத்தில் போன நண்பனுக்காகப் பெடியள் தாங்களே எழுதி அடித்தது. 'பிரார்த்திக்கிறோம்' என்பதில் ஒரு 'ர்' விடுபட்டு 'பிராத்திக்கிறோம்' என்று வந்துவிட்டது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுகூட முடியவில்லை, ஊர்ப் பெரியவர் ஒருவர் சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுப் பக்கத்தில் எழுதிவைத்தார்: 'எழுத்து பிழை. தமிழை கொல்லாதீர்கள். முதலில் எழுத பழகுங்கள்.'

மூன்று வரி, மூன்றிலும் பிழை! எழுத்துப் பிழை. தமிழைக் கொல்லாதீர்கள். எழுதப் பழகுங்கள். 'தமிழை' என்பதில் வருகிற 'ஐ' என்ற இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின்னால் வல்லினம் மிகும் என்பது சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்கே தெரியும். அதை விடுங்கள், செத்துப்போன பெடியனின் படத்துக்குக் கீழே 'கொல்லாதீர்கள்' என்று எழுத எப்படிக் கை வந்தது?

வாயைத் திறந்தால் நாவலர் பிறந்த மண் என்பார்கள். 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கு விளங்கவேண்டும் என்றுதான் இலக்கணச் சுருக்கத்தை எளிய வசனத்தில் எழுதித் தந்தார். அதில் சொற்கள் சேரும் விதிகளைச் சொல்கிற புணரியலை ஒருதரம் புரட்டியிருந்தால் இந்த மூன்று ஒற்றும் விடுபட்டிருக்காது.

இன்னொருவர் இருக்கிறார். 'வாழ்த்துக்கள்' என்று யார் எழுதினாலும் 'வாழ்த்துகள்' என்று திருத்தாமல் விடமாட்டார். படித்தவர்களே இன்னும் அடிபடுகிற விசயம் அது, சரி, போகட்டும். ஆனால் அவரே கலைவிழா அழைப்பிதழில் 'முயற்ச்சி' என்று அடித்துக் கொடுத்தார். 'ற்' பக்கத்தில் இன்னொரு ஒற்று தமிழில் வரவே வராது! கேட்டால் அச்சகத்தின் பிழையாம். மற்றவன் விட்டால் தமிழ்க்கொலை, தான் விட்டால் அச்சுப்பிழை.

அந்தப் பெடியளில் ஒருவனைக் கூப்பிட்டு, 'தம்பி, ஒரு ர் விடுபட்டிருக்கு' என்று காதோடு சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே மாற்றி ஒட்டியிருப்பார்கள். ஊரறிய வட்டம் போட்டு என்ன கண்டார்? வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு நோட்டீஸ் எழுதச் சொன்னால் இப்போது ஒருத்தரும் முன்வருகிறார்கள் இல்லை. 'எங்களுக்குத் தமிழ் வராது, அந்த ஐயாவிட்டயே கேளுங்கோ' என்கிறார்கள்.