ஆலோசகர் வருவதற்கு முந்திய அந்த இரவு
பொலிஸ் நிலையத்துக்கு ஓர் உளவள ஆலோசகரை நியமித்தால் காவலில் இருக்கும் மனநோயாளிகளின் பிரச்சினை தீரும் என்கிறது இங்கே இலங்கையில் நான் வாசித்த ஒரு கட்டுரை. எங்கள் தோட்டப் பக்கத்தில் சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. என் அண்ணன் மகன் மாதா மாதம் கிளினிக் போய் மாத்திரை எடுப்பவன். பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றவனைப் போதைக்காரன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வாக்குமூலம் சிங்களத்தில், அவனும் கையெழுத்து வைத்துவிட்டான். செய்தி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு வரும்போது இரவு எட்டு மணி. அண்ணி கிளினிக் கொப்பியையும் மாத்திரையையும் ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு மழையில் ஓடினார். வெளி மருந்தை உள்ளே கொடுக்க முடியாதாம். சரி, விதி இருக்கலாம். ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோயிருக்க வேண்டாமா? 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம், நிறுத்தினார்கள்தான். ஆனால் மாத்திரை இல்லாத அந்த ஓர் இரவு போதும் அவனுக்கு; அப்புறம் மூன்று வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் 1926க்கு அழைக்கலாமே என்று கருத்து எழுதியிருக்கிறார். அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் அந்த உதவித் தொலைபேசி இலக்கம் எனக்கும் தெரியும். கூட்டுக்குள் இருப்பவன் கையில் போன் ஏது? இப்போது அண்ணி அவன் நோயையும் மருந்துப் பெயரையும் சிங்களத்தில் எழுதிய அட்டை ஒன்றை அவன் சட்டைப்பையில் வைத்துத் தைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்.