பொது விடுமுறை இல்லாதவர்கள்

அனைவருக்கும் சிங்கப்பூர் தேசிய தின வாழ்த்துகள். இந்த நாட்டை மனதார நேசிக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சுதந்திரம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது ரொம்பச் சாதாரணமான விஷயம். என் நாளை நானே முடிவு செய்துகொள்ளலாம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய்ச் சாப்பிடலாம், நண்பர்களைப் பார்க்கலாம், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நமக்கு முன்னால் இங்கே வந்தவர்களுக்கு இது வாய்க்கவில்லை. 1825 முதல் 1873 வரை ஆங்கிலேயர்கள் இந்தியக் கைதிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்த ஊரில் வேலை வாங்கினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் கைதிகள் உழைப்பில் எழுந்தவை. அக்கரையில் மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் எப்போது எழ வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அதே இஸ்தானாவில் இன்று தமிழ் வம்சாவளியில் வந்த தர்மன் சண்முகரத்னம் அதிபர். 2023 தேர்தலில் எல்லா இனத்தவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

இவ்வளவு தூரம் வந்த நம்மில் பலர் இன்று இன்னொருவரின் நாளை முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறோம். நம் வீட்டுப் பணிப்பெண்களைத்தான் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு அவை சம்பளத்தோடு உண்டு. கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியருக்கும் உண்டு. ஆனால் இல்லப் பணிப்பெண்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பதே அவர்களுக்கு 2013-இல்தான் விதியானது. அதற்கும் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம். மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்ற விதி 2023 ஜனவரியில் வந்தது. ஆக, ஊரே கொண்டாடும் தேசிய தினத்தில் அவர்களுக்கு லீவு என்பது முழுக்க முழுக்க முதலாளியின் மனசைப் பொறுத்தது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டமே மாற வேண்டும்.

"வெளியே விட்டால் கெட்ட சகவாசம் வந்துவிடும்" என்று சொல்கிறவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. தன் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கடல் தாண்டி வந்து குடும்பத்தைத் தாங்குகிற பெண் அவர். தன் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொள்ள அவருக்குத் தெரியாதா? "படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்வி வேறு. அதில் நியாயம் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஆனால் அதற்கான பதிலைப் பிள்ளைகள் நாம்தான் தேட வேண்டும்.

நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான யாழ்ப்பாணத் தமிழர் எஸ். ராஜரத்னம் 1966-இல் எழுதிய தேசிய உறுதிமொழியை இன்று எல்லோரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். நீதியும் சமத்துவமும் அதில் இருக்கின்றன. குடிமக்களாகிய நாம் எடுக்கும் உறுதிமொழிதான் அது. ஆனாலும் நம் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த நீதி கிடையாது என்று அதை எழுதியவர் நினைத்திருப்பார் என எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அண்ணனும் நானும் முறை வைத்துக்கொண்டோம். எல்லாப் பொது விடுமுறையும் இனி எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் உண்டு. தீபாவளிதான் சிக்கல். அன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். காலையில் எங்களோடு இருந்துவிட்டு, மறுநாள் முழுக்க லீவு எடுத்துக்கொள்கிறேன் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.