பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் பற்றி ஒரு திருத்தம்

கிண்டிப் பக்கம் வீடு தேடும் மாணவர்களுக்கு, "பதினொரு மாதத்துக்கு எழுதினால் எங்கும் பதிய வேண்டாம், 20 ரூபாய் பத்திரமே போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது பாதி உண்மை, அதுவும் பழைய பாதி.

சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, வாடகைச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. ஓராண்டுக்குக் குறைவான குத்தகைக்கு முதலாவது கட்டாயமில்லை என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி வந்த வழக்கம். ஆனால் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினொரு மாதமோ மூன்று ஆண்டோ, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டுக்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. தரகர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அட்வான்ஸ் விஷயத்திலும் அவசரப்படாதீர்கள். "மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கினால் குற்றம்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அந்த வரம்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற வாசகத்தோடு. பத்து மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேசுவது கடினம். பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சேரும் முன் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.