முந்தைய நாளே சொல்லச் சொல்லும் உணவகம்

மொரோக்கோவின் மராகேஷ் நகரில் உள்ள பிரபலமான உணவகங்களைப் பற்றிப் பயணிகள் எழுதும் புகழுரைகளில் பெரும்பாலானவை விளக்குகளையும் மெத்தைகளையும் நடனத்தையும் பற்றியே பேசுகின்றன. தட்டில் வந்த உணவைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் அவற்றில் இருப்பதில்லை. 2024ஆம் ஆண்டில் மொரோக்கோவுக்கு ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர் வந்ததாக அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சகம் அறிவித்தது. வெளிநாடுகளில் வாழும் மொரோக்கோ மக்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புவதும் இந்தக் கணக்கில் அடங்கும் என்றாலும், மற்றவர்களே பல லட்சங்கள். ஓரிரு இரவுகள் மட்டுமே தங்கிவிட்டுப் போகும் இவர்களுக்கென்றே பழைய மாளிகை, நீரூற்று வைத்த முற்றம், மாற்ற முடியாத விருந்துப் பட்டியல், பத்து மணிக்கு நடனம் என்று ஒரே வார்ப்பில் பல உணவகங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன.

அவற்றின் மீது எனக்குள்ள குறை ஆடம்பரம் பற்றியது அன்று. மொரோக்கோ சமையலின் சிறந்த பதார்த்தங்கள் எல்லாமே நேரத்தைக் கேட்பவை. ஆகையால், அங்கே ஓர் உணவகத்தை எடைபோட எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல், வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லும் துணிவு அதற்கு இருக்கிறதா என்பதே.

தஜீனை எடுத்துக்கொள்வோம். தட்டையான மண்சட்டியில் வெங்காயத்தையும் இறைச்சியையும் அடுக்கி, மேலே காய்களைக் கோபுரமாகச் சாய்த்து வைத்து, கூம்பு மூடியால் மூடிக் கரியடுப்பின் மெல்லிய தணலில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை விட்டுவிட வேண்டும். மூடிக்குள் எழும் ஆவி திரும்பத் திரும்ப உள்ளேயே இறங்க, கடைசியில் தண்ணீர் வற்றி, எண்ணெயும் கரைந்த வெங்காயமும் மட்டுமே அடியில் நிற்கும். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் கொதிக்கக் கொதிக்க மேசைக்கு வரும் தஜீனில், பெரிய பாத்திரத்தில் காலையிலேயே வேகவைத்த கறியை மண்சட்டிக்கு மாற்றிச் சூடுபடுத்தியிருக்கிறார்கள் என்பது அதன் நீர்த்த குழம்பிலேயே தெரிந்துவிடும். மொரோக்கோ வீடுகளில் அன்றாடச் சமையலுக்குப் பிரஷர் குக்கர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குக்கரில் வெந்த கறி குற்றமில்லை. அதை மண்சட்டியில் ஊற்றி, மண்சட்டிச் சமையலுக்கான விலை வாங்குவதுதான் குற்றம்.

மராகேஷிலிருந்து வர்ஸாஸாத் செல்லும் மலைப்பாதையில், ஏறத்தாழ 2,260 மீட்டர் உயரத்துத் திஸி ந் திஷ்கா கணவாயை நோக்கி ஏறும் வழியில் உள்ள சாலையோரக் கடைகளில் காலையிலேயே சட்டிகளை வரிசையாகத் தணலில் ஏற்றிவிடுகிறார்கள். நண்பகலில் போய் நிற்பவர் மூடியைத் தூக்கிப் பார்த்துப் பிடித்ததைக் கேட்டுக்கொள்ளலாம். சட்டிகள் தீர்ந்தால் வியாபாரமும் தீர்ந்தது. விரைவாகவும் கொடுக்கலாம், ஏமாற்றாமலும் கொடுக்கலாம் என்பதற்கு இந்தக் கடைகளைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பட்டுத் திண்டும் வெள்ளித் தட்டும் வைத்த இடங்களால் இது ஏன் முடிவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மராகேஷுக்கே உரிய தஞ்ஜியாவோ இன்னும் பிடிவாதமானது. ஜாடி போன்ற மண்பானையில் இறைச்சி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, உப்பில் ஊறிய எலுமிச்சை, ஸ்மென் எனப்படும் புளிப்பேறிய வெண்ணெய் எல்லாவற்றையும் இட்டு, வாயைத் தாளால் கட்டி, பொதுக் குளியலிடத்துக்கு வெந்நீர் போடும் உலைக்கூடத்தில் கொடுத்துவிட்டால், உலைக்காரர் அதைச் சாம்பலில் புதைத்துப் பல மணி நேரம் கழித்துத் திருப்பித் தருவார். ஆண்கள், அதிலும் தனியாக வாழும் கைவினைத் தொழிலாளர்கள், வேலைக்குப் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போவதற்கு ஏற்ற சமையல் இது. இதை இரவு எட்டு மணிக்கு நினைத்து எட்டரைக்கு உண்ண முடியாது. உலைக்கு அனுப்பித்தான் சமைக்கிறீர்களா என்று உணவகத்தில் கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

புகழும் தரமும் ஒன்றாக வந்த இடத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நான் அல் ஃபாஸியாவைச் சொல்வேன். மராகேஷின் புதுநகரான கெலிஸ் பகுதியில் 1987 முதல் நடக்கும் அந்த உணவகத்தில் சமையலறையிலும் பரிமாறும் கூடத்திலும் பெண்களே பணியாற்றுகிறார்கள். அங்கே ஆட்டின் முன்தொடையை முழுதாக வேகவைத்துத் தருவது பெயர்பெற்ற பதார்த்தம். ஆனால் முந்தைய நாளே சொல்லிவைத்தவருக்குத்தான் அது கிடைக்கும். மற்றபடி பட்டியலைப் பார்த்து வேண்டியதை மட்டும் கேட்கலாம். யாரும் ஐந்து சுற்று விருந்தை நம் தலையில் கட்டுவதில்லை. செல்வந்தர் வீடுகளில் தாதா என்று அழைக்கப்பட்ட சமையற்காரப் பெண்களே மொரோக்கோவின் உயர்ந்த சமையலைக் காத்து வந்தவர்கள். அவர்களில் பலர் சகாராவுக்குத் தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். எழுதிவைக்காத பக்குவங்கள் அவர்கள் கைவழியே வந்தவை. ஆகவே, பெண்கள் நடத்தும் உணவகம் என்று அதை ஒரு புதுமையாகப் பயண ஏடுகள் வியப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. வீட்டுக்குள் எப்போதும் நடந்து வந்ததுதான் அங்கே கூலியோடும் பெயரோடும் நடக்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் இரவையும் சொல்ல வேண்டும். மாளிகை உணவகம் ஒன்றில், பெயர் வேண்டாம், நண்பர்களோடு அமர்ந்தோம். முதலில் சிறு கிண்ணங்களில் வந்த காய்கறிப் பதார்த்தங்கள் அருமையாக இருந்தன: பூண்டும் சீரகமும் சேர்த்து மசித்த கத்தரிக்காய் ஸாலூக், சுட்ட குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த தக்தூக்கா, இனிப்பாகச் சமைத்த காரட். ரொட்டியைப் பிய்த்து அவற்றை வழித்துத் தின்றதோடு எங்கள் பசி முக்கால்வாசி அடங்கிவிட்டது. பின்னர் பஸ்தீலா வந்தது. புறாக்கறியும் முட்டையும் வறுத்த பாதாமும் மெல்லிய மாவுத் தாள்களுக்குள் பொதிந்து, மேலே சர்க்கரைப் பொடியும் பட்டைத் தூளும் தூவிய அந்த ஃபெஸ் நகரத்து அற்புதத்தை முதற்பசியில் உண்ண வேண்டும். எங்களுக்கோ அது இரண்டாம் சுற்று. உள்ளே இருந்ததும் கோழி. அடுத்துத் தஜீன், அதற்கும் அடுத்து ஆவியில் வெந்த ரவைமணி உணவான குஸ்குஸ். மொரோக்கோ வீட்டு விருந்துகளிலும் குஸ்குஸ் கடைசியில்தான் வரும், விருந்தினர் யாரும் அரைவயிற்றோடு எழுந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் வீட்டில் மிஞ்சியதை உள்ளே இருப்பவர்கள் உண்பார்கள். உணவகத்தில் மிஞ்சியது நம் விலைச்சீட்டில் மட்டுமே இடம்பெறுகிறது.

அப்போது நடனம் தொடங்கிற்று: இடுப்பை அசைத்து ஆடும் இடையாட்டம். அது எகிப்து முதலான கிழக்கு அரபு நாடுகளுக்கு உரியதே தவிர மொரோக்கோவின் மரபு அன்று. யுனெஸ்கோ 2019இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த க்னாவா இசையும், அட்லஸ் மலை ஊர்களின் கூட்டு ஆட்டமான அஹ்வாஷும் அந்த மண்ணிலேயே இருக்கின்றன. ஆட்டம் இருக்கட்டும்; ஒலிபெருக்கியின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு போதுமா என்று கேட்கக்கூட முடியவில்லை.

குஸ்குஸைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பது நல்லது. நண்பகல் தொழுகைக்குப் பிறகு குடும்பமாக அமர்ந்து உண்பது நாடெங்கும் உள்ள வழக்கம் என்பதால், அன்று பல சிறிய உணவகங்களிலும் புதிதாகச் சமைக்கிறார்கள். ரவைமணிகளை ஆவியில் வேகவைத்து, கொட்டிக் கையால் உதிர்த்து, நீர் தெளித்து, மறுபடியும் ஆவிக்கு ஏற்றி, இரண்டு மூன்று முறை இதைச் செய்தால்தான் மணிமணியாகப் பூத்து வரும். வெந்நீரை ஊற்றி மூடிவைத்த ஐந்து நிமிடக் குஸ்குஸை உண்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்கள் உண்டதில் உண்மையாகவே ஒன்றும் இல்லை.

சைவ உணவுக்காரர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஏழு காய்கறிக் குஸ்குஸ் என்று பட்டியலில் இருந்தாலும், கீழ்ப்பானையில் கொதிப்பது பெரும்பாலும் இறைச்சிச் சாறு. அதன் ஆவியில்தான் மேலே மணிகள் வேகின்றன, காய்களும் அதிலேயே வேகின்றன. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுப் பரிமாறினால் அது சைவம் என்றே பல சமையற்காரர்கள் நல்லெண்ணத்தோடு நம்புகிறார்கள். மேசையில் அமர்ந்தபின் இதைப் பேசிப் பயனில்லை, ஏனென்றால் சாறு காலையிலேயே அடுப்பேறியிருக்கும். முந்தைய நாள் மாலையில் நேரில் போய்ச் சொன்னால், வெங்காயமும் கொண்டைக்கடலையும் இட்டுத் தனிப்பானை வைத்துத் தருவதற்குச் சிறிய உணவகங்கள்தான் பெரும்பாலும் இசைகின்றன.