நாயைக் கொண்டுபோனவனும் திருடன்தான்

சனிக்கிழமை இரவு சுங்கை சிப்புட்டில் நம் தாமானில் (குடியிருப்பில்) நடந்ததை நான் மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. கேமராப் பதிவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வேனிலிருந்து இறங்கியவன் கோழிக்காலைக் காட்டி, அத்தையின் நாய் கருப்பனை வாசலுக்கு வெளியே வரவழைத்துத் தூக்கிச் சென்றதைவிட, அதைப் பார்த்த பிறகும் நம்மவர்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் “ஒரு நாய்தானே, இதற்குப் போய்ப் போலீஸா?” என்று எழுதியதே என்னை அதிகம் வருத்தியது.

அது திருட்டு. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது எப்படித் திருட்டோ அப்படியே இதுவும் திருட்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆவது பிரிவு திருட்டை விளக்கத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்றே நாயைப் பற்றியது: ஒருவன் சட்டைப்பையில் இரையை வைத்துக்கொண்டு, பிறருடைய நாயை அவர் சம்மதமில்லாமல் கவர்ந்து செல்லும் எண்ணத்தோடு தன் பின்னால் வரச் செய்தால், அந்த நாய் பின்தொடரத் தொடங்கிய உடனேயே திருட்டு நடந்துவிட்டது. நாம் பார்த்த பதிவில் இருப்பது இதுவேதான். தண்டனை, 379ஆவது பிரிவின்படி, 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கதவைத் திறந்து வைத்தது அத்தையின் குற்றம் என்கிறீர்கள். திறந்த கதவு எவனுக்கும் அனுமதிச் சீட்டு அல்ல. நாய்க்கு உரிமம் எடுத்தாரா என்று கேட்கிறீர்கள். எடுக்காதிருந்தால் அது அவருக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் உள்ள விவகாரம்; வேன்காரனுக்கு அதில் என்ன உரிமை? நாயின் தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்தியிருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருக்கலாம் என்பவர்கள், அரிசி மணி அளவேயான அந்தச் சிப் இருக்கும் இடத்தைக் காட்டாது என்பதை அறிய வேண்டும். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. யாராவது நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருவியால் படித்தால்தான் அந்த எண் தெரியும். திருடியவன் கொண்டுபோவானா?

நாட்டில் இதைவிடப் பெரிய பிரச்சினைகள் இருக்கின்றன என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் நெற்றிவிளக்கோடு மர நிரைக்குள் போகும்போது எங்கள் நாய் மணி முன்னால் போகும். பாம்போ காட்டுப்பன்றியோ இருந்தால் நின்று குரைக்கும். அது குரைத்தால் அப்பா அடுத்த அடி வைக்க மாட்டார். தோட்டத்தில் நாய் வளர்த்த எந்தக் குடும்பமும் அதை அலங்காரத்துக்கு வளர்க்கவில்லை. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, நாய்க்கு இடமில்லாத அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்கள் அழுதுகொண்டே அவற்றை விட்டுச் சென்றதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். அன்று நம்மைப் பற்றியும், தோட்டத்து ஆட்கள்தானே, எங்காவது பிழைத்துக்கொள்வார்கள் என்றுதான் பேசினார்கள். இழந்தது நமக்கு எவ்வளவு என்பதை இழக்காதவர்கள் முடிவு செய்தார்கள். அதை அனுபவித்தவர்களே இன்று தனியாக வாழும் ஒரு பெண்ணிடம் அதே பேச்சைப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாமா போன பிறகு இரவில் அந்த வீட்டில் அத்தைக்குத் துணை கருப்பன் மட்டுமே. வேறு நாய் வாங்கித் தருகிறோம் என்று சொல்வது உதவியன்று. அவர் கேட்பது தன் நாயை.

நாளைக் காலை அத்தையோடு நானும் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கிறேன். எதிர் வரிசை வீட்டுக் கேமராவில் வேனின் எண் பதிவாகியிருக்கலாம் என்கிறார்கள்; அந்தப் பதிவை வைத்திருப்பவர் இன்றிரவே எனக்கு அனுப்புங்கள்.