விண்டோஸ் + வி எல்லாவற்றையும் சேமிக்காது

"விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் இதுவரை காப்பி செய்தது எல்லாம் வரும், கணினியை அணைத்தாலும் போகாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். குறுக்குவழி உண்மைதான், அருமையானதும்கூட. ஆனால் மற்றதை நம்பி யாரும் முக்கியமான எழுத்தை இழந்துவிடக் கூடாது.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் இந்த வசதி இருக்கிறது. முதலில் நாம்தான் அதை இயக்க வேண்டும். அதற்கு முன் காப்பி செய்தவை பட்டியலில் வராது. மொத்தம் 25 துண்டுகள்தான் நிற்கும். 26-வது வந்ததும் பழையது சத்தமில்லாமல் போய்விடும். கணினியை மறுதொடக்கம் செய்தால் பட்டியலே காலி.

தப்பிப்பது 'பின்' (pin) செய்தவை, அதாவது பட்டியலில் குத்தி வைத்தவை மட்டும். பட்டியலில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சின்னக் குண்டூசிப் படம் இருக்கும், அதைச் சொடுக்கினால் போதும். தினமும் திரும்பத் திரும்ப எழுதும் முகவரி, பதில் வரி போன்றவற்றுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் இன்னொன்று: காப்பி செய்த கடவுச்சொல்லும் அந்தப் பட்டியலில் அப்படியே தெரியக்கூடும். பலர் பயன்படுத்தும் கணினி என்றால், வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள்.